விண்கலம் பழுதாகி நின்ற இரண்டு நாள்

அடியே,

உன் வீடியோவில் முதலில் என் கண்ணில் பட்டது "நான்கு நாள்" என்ற தப்புதான்.

நாம் சேர்ந்து பார்த்த அந்தத் தொடரில், ஒளியைவிட வேகமாகப் போகும் விண்கலம் ஒரே தூரத்தை ஒருமுறை மூன்று மணி நேரத்தில் கடக்கிறது, இன்னொரு முறை இரண்டு நாள் எடுக்கிறது. ஏற்கெனவே போன வழியென்றால் பறக்கும், புது வழியென்றால் தடவித் தடவித்தான் போகும் என்று கண்டுபிடித்தவள் நான். தையல் கூடத்தில் பட்டன் வைத்துக்கொண்டே யோசித்தது. அதையெல்லாம் எழுதி வைத்த நோட்டை உனக்குப் படிக்கத்தான் கொடுத்தேன்.

அதில் ஒன்பதாம் பாகத்துப் பயணத்தை நான்கு நாள் என்று எழுதியிருந்தேன். நடுவில் கலம் பழுதாகி நின்ற இரண்டு நாளைக் கழிக்க மறந்துவிட்டேன். அதையும் அப்படியே ஒப்பிக்கிறாய். "எல்லாம் நானே உக்காந்து கண்டுபிடிச்சதுங்க" என்று இளிப்பு வேறு. வீடியோவில் பக்கத்தில் நிற்கும் உன் தங்கை, "அந்த அக்கா நோட்டுல இருந்ததுதானே?" என்கிறாள். "சும்மா இருடி, பள்ளிக்கூடத்தையே முடிக்காதவளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்கிறாய். அதை வெட்டிவிட்டுப் போடக்கூட உனக்குத் தோன்றவில்லை.

உன் எதிரில் எனக்கு வாய் எழாது. அந்தத் தைரியம்தானே உனக்கு?

இன்று சாப்பாட்டு இடைவேளையில், உன் வீடியோவுக்குக் கீழே அந்தத் தப்பைத் திருத்தி எழுதி, என் பெயரை முழுதாகப் போட்டேன்.

இனி உன் தோழி இல்லாத,
நோட்டுக்குச் சொந்தக்காரி