பிப்ரவரி தேதி போட்ட இரண்டு தாள்கள்

மார்ச் 4, திங்கள்

கோழி இறைச்சி ஆலையில் கோழிகள் நகர்ந்து வரும் வரிசையின் வேகத்தை மறுபடியும் கூட்டிவிட்டார்கள். எலும்பு நீக்கும் பகுதியில் என் கீழ் முப்பத்திரண்டு பேர், மாற்றாள் ஒருவர்கூட இல்லை. கழிப்பறைக்குப் போக யாராவது கேட்டால் நான் என்ன சொல்ல? மேலாளர் கெஸ்லரிடம் கேட்டேன். "வீட்லயே போயிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

மார்ச் 7

என் வரிசையில் நிற்கும் லூட்டிக்கு அறுபத்தோரு வயது. கழிப்பறைக்குப் போக மூன்று தடவை கை தூக்கினாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். பக்கத்தில் வேலை செய்யும் எர்னஸ்டீன்தான் தன் ஏப்ரனை அவிழ்த்து அவள் இடுப்பில் கட்டினாள். கோழிகள் வந்துகொண்டே இருந்தன.

மார்ச் 11

எர்னஸ்டீன் சாப்பாட்டு நேரத்தில் மாற்றாள் கேட்டு ஒரு மனு எழுதி, பத்தொன்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, கெஸ்லரிடம் கொடுத்துவிட்டாள். "உன்கிட்ட கேக்கலடி வெர்னி. நீ சூப்பர்வைசராச்சே" என்று சிரித்தாள். கேட்டிருந்தால் போட்டிருப்பேனா?

மார்ச் 15

கெஸ்லர் அறைக்குக் கூப்பிட்டார். எர்னஸ்டீன் பிப்ரவரி 20, 27 இரண்டு நாளும் தாமதமாக வந்ததாக எச்சரிக்கைத் தாள் எழுத வேண்டுமாம், அந்தத் தேதிகளையே போட்டு.

"நம்ம மாநிலத்துல ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பக் காரணமே வேண்டாம்னு நீங்கதானே சார் சொல்வீங்க?"

"வேண்டாம்தான். ஆனா மனு கொடுத்த மறுவாரமே அனுப்பினா, அதுக்காகத்தான் அனுப்பினோம்னு கேஸ் போடுவா. காகிதம் இருந்தா நல்லது."

நான் பேனாவை எடுக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் ஹோரஸுக்கு மே மாசம்தானே இதய ஆபரேஷன்? நம்ம கம்பெனி இன்சூரன்ஸ்லதானே?" என்றார். குரலில் அவ்வளவு கனிவு.

இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 18

எர்னஸ்டீனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். காவலாளி அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டான். என்னைத் தாண்டும்போது நின்றாள். "பிப்ரவரி இருபதாம் தேதி உன் கார்லதானே வந்தேன் வெர்னி?"

நான் கீழே பார்த்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

தேவாலயத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவள். எல்லோரும் பாடினார்கள். நான் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 9

தொழிலாளர் வாரியத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். எர்னஸ்டீன் புகார் கொடுத்திருக்கிறாள். வேலை நிலைமை பற்றித் தொழிலாளர்கள் சேர்ந்து பேசினால் அதற்காக அனுப்பக் கூடாதாம், அது சட்டம். உண்மையைச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"சாட்சி சொன்னதுக்காக உங்களை அனுப்புறதும் தப்புதாம்மா. ஆனா அதுக்காகத்தான்னு நிரூபிக்கணும். வருஷக்கணக்காகலாம்."

ஹோரஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன் என்று அழுதேன். "என் பேரை இதுல இழுக்காத. நான் உன்கிட்ட கேட்டேனா?" என்றார்.

ஏப்ரல் 16

வாரியத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு தாளும் மார்ச் 15 அன்று எழுதியவை, எழுதியது நான், அவள் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. அந்தப் பெண் தட்டச்சு செய்து நீட்டினாள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மே 2

பதினான்கு வருஷம். "உங்க சேவை இனிமே தேவையில்ல" என்றார் கெஸ்லர்.

"எதுக்கு சார்?"

"காரணம்னு எதுவும் இல்ல."

மே 21

மருத்துவமனையிலிருந்து போன். புது இன்சூரன்ஸ் எண் கேட்டார்கள். இல்லை என்றேன். ஆபரேஷன் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 6

என்னை அனுப்பியதற்காக நானும் வாரியத்தில் புகார் கொடுத்துவிட்டேன். காத்திருக்கச் சொன்னார்கள். எங்களுக்கா காத்திருக்க நேரம் இருக்கிறது?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கம்பெனி சமரசத்துக்கு இறங்கிவிட்டது. எர்னஸ்டீனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, வரிசைக்கு இரண்டு மாற்றாட்களும். என் புகார் இன்னும் அப்படியே கிடக்கிறது. தேவாலயப் படியில் அவளாகவே என்னிடம் வந்தாள்.

"பொய்யை எழுதினதும் நீதான், உண்மையைச் சொன்னதும் நீதான். ரெண்டையும் மறக்க மாட்டேன் வெர்னி."

தோளைத் தொடுவாள் என்று நினைத்தேன். போய்விட்டாள்.

வீட்டு வாசலில் ஹோரஸ் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு வேலைக்குத் திரும்பிடுச்சா?"

"ம். நாளையிலிருந்து."

"நல்லது" என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலிலிருந்து சமையலறைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நின்றார்.