ஒற்றைத் தோள் குஞ்சம்

நேற்று அம்பாங்கானிலிருந்து ஒருவர் வந்தார். பழைய பட்டாளத்துச் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவராம். யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். பிஸ்கட் டின்னைத் திறந்ததும் கற்பூரமும் பித்தளையும் கலந்த அந்த வாடை அடித்தது. எனக்குத் தாலி கட்டிய மனுஷர், இத்தனை வருஷம் வராமல் ஒரு வாடைக்கு வந்துவிடுகிறீர்கள்.

உள்ளே ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் தோள் குஞ்சம். வந்தவர் அதை எப்பொலெட் என்கிறார். நமக்கு அது குஞ்சம்தான். துரையின் அப்பா பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தபோது விசேஷ நாள்களில் இரண்டு தோளிலும் வைத்துக்கொண்டதாம். தடித்த பட்டை, அதைச் சுற்றித் தொங்கும் தங்கச் சரிகை. ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை சுவா தோட்டத்தை விட்டு ஓடியபோது, அவர் துணிகளை வெளுத்துத் தேய்த்துக்கொண்டிருந்த உங்களிடம் அந்த ஜோடியைக் கொடுத்துவிட்டுப் போனார். "கூரையில சொருகிட்டு மறந்துடுங்க" என்றேன். நான் சொல்லி என்றைக்குக் கேட்டீர்கள்?

அந்த வருஷம் முனியாண்டி பூசைக்குச் சாமிக்குச் சாத்தப் புதுத் துணி இல்லை. தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேர் சாக்கைத்தான் கட்டியிருந்தோம். புதுசு சாத்தாமல் எப்படிப் பூசை போடுவது என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். நீங்கள் போய்க் குஞ்சங்களை எடுத்து வந்து முனியாண்டியின் தோள்களில் கட்டினீர்கள். "சாமி மேல இருக்கறத எவன் தொடுவான்?" என்றீர்கள். லயமே தலையாட்டியது. பொய் சொல்லக்கூடாது, சாமி அன்றைக்குக் கம்பீரமாகத்தான் இருந்தார்.

பூசை நடக்கும்போதே ஜப்பான் அதிகாரி வந்துவிட்டான். தொப்பியைக் கழற்றிச் சாமியைக் குனிந்து வணங்கினான். எங்களுக்குப் போன உயிர் வந்தது. நிமிர்ந்தபோது குஞ்சத்துப் பொத்தானில் இருந்த வெள்ளைக்கார ராஜாவின் கிரீடம் கண்ணில் பட்டுவிட்டது. யாருடையது என்று எங்களை வேலை வாங்கும் மண்டோரை விட்டுக் கேட்டான். பூசாரி பின்வாங்கினார். "அவருக்கு ஒன்னும் தெரியாது லா. நான்தான் கட்டுனேன்" என்று நீங்கள் முன்னால் போனீர்கள்.

சாமியின் வலது தோளில் இருந்ததைப் பிடுங்கி, சட்டையில்லாத உங்கள் தோளில் கட்டி, ரயில் பாதை போட சயாமுக்குப் போகும் லாரியில் ஏற்றினார்கள். சிப்பாய்கள் சிரித்தார்கள். இடது பக்கத்துக் குஞ்சம் மாலைக்குள் மறைந்திருந்ததால் தப்பியது. நான் லாரி பின்னாலேயே ஓடினேன். நீங்கள் தோளைத் தூக்கிக் காட்டி, "ஏ புள்ள, துரையாட்டம் இருக்கேனா?" என்றீர்கள். நான் வாய் திறப்பதற்குள் லாரி வளைவில் திரும்பிவிட்டது.

போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஒருவர் விடாமல் கேட்டேன். உங்களைப் பார்த்ததாக ஒரு பேச்சுக்குக்கூட யாரும் சொல்லவில்லை. ஜப்பான்காரன் தோற்றதும் துரையும் அவன் சிறையிலிருந்து திரும்பி வந்தார். மிச்சமிருந்த குஞ்சத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன்னை வெச்சு என்ன செய்யறது? நீயே வெச்சுக்க" என்றார். அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதேன்.

நேற்று வந்தவரும் அதையேதான் சொன்னார். "ஜோடியா இருந்தாதாம்மா இதுக்கு மதிப்பு. இன்னொன்னு எங்க?"

"சயாம்ல இருக்கு. போய்க் கேட்டுப் பாருங்க" என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

டின்னை மூடிவிட்டேன். நீங்கள் வருவீர்கள் என்ற எண்ணமெல்லாம் எப்போதோ போய்விட்டது. அன்றைக்கு லாரியிலிருந்து நீங்கள் கேட்டதற்குப் பதில்தான் இன்னும் பாக்கி. துரையாட்டம் இல்லைங்க. முனியாண்டியாட்டம் இருந்தீங்க.