ராஜா அங்கிக்குச் சாயமா, புதுத் துணியா

அண்ணாச்சி,

நேற்றுக் காலை உங்கள் மச்சினன் ராஜா அங்கியைக் கொண்டுவந்து என் கடை மேசையில் விரித்தார். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மறுபடியும் பாளையக்காரர் நாடகம் போடுகிறார்களாம். நீங்கள் போனபின் ராஜா வேஷம் அவருக்கு. அங்கியின் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. கக்கத்தில் உங்கள் வேர்வை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். பீடியும் முகப் பவுடரும் கலந்த உங்கள் வாசனை இன்னும் போகவில்லை.

"துணி கெட்டியாத்தான் இருக்கு முதலாளி. சாயத்துல முக்கிட்டாப் போதும். நம்ம பட்டாசுக் கம்பெனியிலயே முக்கிக்கிடுறோம்" என்றார்.

கம்பெனி என்றதும் அங்கியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

இதே யோசனையோடு நீங்கள் வந்த நாள் நினைவுக்கு வந்தது. அது இதற்கு முந்தின அங்கி. மதுரையில் கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியிடம் நீங்கள் வாங்கிய பழம்பட்டு. மல்லாங்கிணறு பக்கம் ஊர் ஊராகத் துணி சுமந்து விற்றுக்கொண்டிருந்த நான், அப்போதுதான் விருதுநகரில் இந்தக் கடையைப் பிடித்திருந்தேன். "நைஞ்சு போச்சு அண்ணாச்சி, புதுசா எடுத்துருங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"ஏலே, துணி விக்கிறவன் வாயில வேற என்னலே வரும்? ராஜான்னா பரம்பரைப் பட்டு உடுத்தியிருக்கணும். நேத்து எடுத்து இன்னிக்குத் தச்சதப் போட்டுக்கிட்டு நின்னா, தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைன்னுருவான்."

அதில் நியாயம் இருந்தது. பழைய பட்டு உடம்பில் இறங்கி நிற்கிற அழகு புதுத் துணிக்கு வராது. எனக்கும் அது தெரியும். வியாபாரி வாயால் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாடகத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சாயம் ஏற்றிய அங்கியோடு வந்து நின்றீர்கள். கடைக் கண்ணாடி முன்னால் மாட்டிக்கொண்டு, பீடி ஒன்றை உதட்டில் வைத்தீர்கள். பற்றவைக்கவில்லை. பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற ஆட்களுக்கு, வெறும் பீடியைக் கடித்துக்கொண்டே பொழுதை ஓட்டுவது பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன்.

"எப்படிலே இருக்கு?"

சாயம் அருமையாகப் பிடித்திருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இது பட்டே இல்ல அண்ணாச்சி. மதுரைக்காரன் உங்க தலையில எதையோ கட்டிட்டான்" என்று சீண்டினேன்.

"கண்ணு அவிஞ்சு போச்சாலே உனக்கு?"

"பாத்துருவமா?"

பட்டைச் சோதிக்கத் துணிக்காரனுக்குத் தெரிந்த வழி, ஓர் இழையை உருவிக் கொளுத்துவது. பட்டாக இருந்தால் முடி கருகுகிற நாற்றத்தோடு சுருண்டு, தீயை எடுத்ததும் தானாக அணைந்துவிடும். மடிப்போரத்தில் ஓர் இழையை உருவி, கண்ணாடிப் பக்கமிருந்து தள்ளி வந்து, தீக்குச்சியைக் காட்டினேன். அது சுருளவில்லை. சுர்ரென்று சீறி, பொறி தெறிக்க, என் நகக்கண் வரைக்கும் ஓடி வந்தது. கையை உதறினேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. உங்கள் வாயிலிருந்து பீடி நழுவி விழுந்தது.

"எதுல முக்குனீக?"

"திரி ஊறப்போடுற மரத்தொட்டியில. சீசன் இல்லாம சும்மாதான கெடந்துச்சு. நல்லாக் கழுவித்தான்லே முக்குனேன்."

வருஷக்கணக்காக வெடியுப்பைக் குடித்த மரம் அது. கொதிக்கக் கொதிக்கச் சாயத்தை ஊற்றியதும், குடித்ததை எல்லாம் கக்கியிருக்கிறது. காலமெல்லாம் பட்டாசுக்குத் திரி செய்த மனிதர், ஆள் உயரத் திரி ஒன்றைத் தன்மேலேயே சுற்றிக்கொண்டு என் கடையில் நின்றீர்கள்.

மூலையில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமி விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்பார்கள். ஓடிப்போய் ஊதினேன். திரும்பி வந்தபோதும் நீங்கள் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தீர்கள். நான்தான் கழற்றினேன்.

கடைசிக் காட்சியில் கோட்டை எரிய வேண்டும். பட்டாசுக் கம்பெனி ஆட்கள் போடுகிற நாடகத்தில் தீவட்டிக்கும் பூச்சட்டி வாணத்துக்கும் பஞ்சமா? அத்தனைக்கும் நடுவில் ராஜா நின்று வசனம் பேச வேண்டும்.

அப்படியும் நீங்கள் முனகினீர்கள். "அலசிப் போட்டாச் சரியாயிரும்லே. தண்ணியில போயிரும்."

"போயிருச்சான்னு எங்க வச்சுப் பாப்பீக? மேடையிலயா?"

"ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாச்சுலே."

"சரி, மதினியக் கூட்டியாறேன். அவுக முன்னால இன்னொரு இழையக் கொளுத்திக் காட்டுறேன். அவுக போட்டுக்கிடச் சொன்னா போட்டுக்கிடுங்க."

அங்கியை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். சிவப்பு வெல்வெட்டை நானே அளந்து கிழித்து, ராவோடு ராவாகத் தைக்கவைத்தேன்; நேற்று வந்த அங்கி அதுதான். பழைய பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, துண்டு துண்டாகக் கிழித்துப் புதைத்தோம். மறுநாள் நீங்கள் மேடை ஏறியதும், "மாப்பிள்ளை வந்துட்டாருடோய்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். ஊரே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. கோட்டை எரிந்து அணைகிறவரை, நனைத்த சாக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை. சிவகாசிப் பக்கம் இடி இடித்தாலும் கையில் இருக்கிற துணியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். நெஞ்சுச் சளி முற்றி, நீங்கள் படுக்கையில் கண்ணை மூடினீர்கள். அழுதேன். தீயில் போகவில்லையே என்று ஒரு நிம்மதியும் இருந்தது, மறைப்பானேன்.

அந்த நிம்மதி நேற்றோடு போய்விட்டது. நடந்ததை எல்லாம் உங்கள் மச்சினனிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு.

"அது மரத்தொட்டிக் காலம் முதலாளி. இப்ப சிமெண்டுத் தொட்டி. அதோட, நீங்க துணி விக்கிறவுக. புதுசு எடுன்னுதான சொல்லுவீக?"

உங்கள் வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பேச்சு பரம்பரை போலிருக்கிறது.

"சிமெண்டும் உப்பக் குடிக்கும் தம்பி. ஆமா, விக்கிறவன்தான். லாபத்துக்குச் சொல்றேன்னு நெனச்சா, லாபத்தத் தூக்கி அங்கிட்டு வச்சுட்டுப் பேசுவோம். உக்காருங்க" என்றேன்.

வெயில் ஏறும்வரை பேசினோம். கடைசியில் ஒத்துக்கொண்டார். முடிவு இதுதான் அண்ணாச்சி: வெல்வெட்டு நான் வாங்கின விலைக்கே, தையல் கூலி என்னுடையது, உங்கள் அங்கி என் கடையை விட்டு வெளியே போகாது, ராஜா மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் கோட்டை எரியும்.