மஞ்சள் தடவிய சம்மன்

தார்நாகா,
18.2.2007

சௌபாக்கியவதி அனுபமாவுக்கு அப்பா எழுதுவது. இதனால் சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மூன்று வருஷமாகத் தலைமறைவாயிருந்த நம் வீட்டுக் குக்கர் வெயிட் பரண்மேல் பிடிபட்டது. மற்றபடி நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டல்லாஸில் நீயும் மாப்பிள்ளை சுதர்சனும் அப்படியே இருக்க வேண்டும். மெயிலை விட்டுக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையால் எழுதுவதற்குக் காரணம், மெயில் என்றால் மாப்பிள்ளையும் படிப்பார், இதுவோ அவர் அப்பாவின் சமாசாரம்.

உன் மாமனார் சாம்பசிவத்தின் அறுபதாம் கல்யாணத்துக்கு வராமல் நல்ல காட்சியைத் தவறவிட்டாய். நாச்சாரத்தில் நானும் அவனும் இருபத்திரண்டு வருஷமாக நடத்திய வால்வு ஃபாக்டரியை விற்றுவிட்டு மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடத்தில் கால் சென்டர் வைக்க வேண்டுமாம் அவனுக்கு, இங்கிலீஷில் குட்மார்னிங் சொல்ல மூன்று தடவை எச்சில் விழுங்குகிறவன். நான் மாட்டேன் என்றதும் என்னை மேனேஜிங் டைரக்டர் நாற்காலியிலிருந்து இறக்கப் பங்குதாரர் கூட்டத்துக்கு நோட்டீஸ் விட்டான். நான் விடுவேனா, கூட்டத்துக்குத் தடை கேட்டு சிட்டி சிவில் கோர்ட்டில் கேஸ் போட்டேன். சம்மன் கொடுக்கிற அமீனாவைக் கையோடு கல்யாண மண்டபத்துக்கே வரவழைத்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய மொய்க் கவருக்குள் சம்மனை வைத்து, அவரை வாழ்த்துகிறவர்கள் வரிசையில் நிற்கவைத்தேன். கலசத் தண்ணீர் தலையில் சொட்ட, மாலையும் கழுத்துமாக உன் மாமனார் இளித்துக்கொண்டே வாங்கிப் பிரித்தான். "தஸ்கத் கரோ சாப்" என்று அமீனா கையெழுத்துக்குப் பேனாவை நீட்ட, நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். உன் மாமியார் ராஜம் மாமி அழுத அழுகையில் குங்குமம் மூக்கு வரை இறங்கிவிட்டது. நான் மூன்றாவது வரிசையில், சம்பந்தி மரியாதையாக அவர்கள் கொடுத்த சந்தனத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். அவன் ஈரத்தோடு நேராக என்னிடம் வந்து, "இதை நீயே குடுத்திருக்கலாமேடா வெங்கட்டு" என்றான், அவ்வளவுதான், மேடைக்குத் திரும்பிப் போய்விட்டான். அன்றிலிருந்து உன் அம்மா தட்டு வைக்கிறாளே தவிர என்னிடம் பேசுவதில்லை. அறுபத்தொரு வயசில் பதினாலு வயசுப் பயல் புத்தி என்று வேலைக்காரியிடம் தெலுங்கில் சொல்கிறாள், எனக்குக் கேட்கிற மாதிரி. நீ வெறுங்காலோடு பனியில் குப்பை கொட்டப் போகாதே, சளி பிடித்தால் உனக்கு ஒரு மாசம் விடாது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கேஸ் கூப்பிட்ட அன்றைக்கே ஜட்ஜ், கம்பெனி நிர்வாகச் சண்டையைத் தீர்க்க இது இடமில்லை, கம்பெனி லா போர்டுக்குப் போங்கள் என்று பத்து நிமிஷத்தில் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த போர்டு சென்னையில் உட்காருகிறது. வக்கீல் ஆரோக்கியசாமி முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார். அங்கே போட்டால் நோட்டீஸ் எப்படிப் போகும் என்று கேட்டேன், தபாலில் என்றார். எனக்கு அமீனா வேண்டியிருந்தது. சென்னைக்கு டிக்கெட் எடுப்பதற்குள் மறுநாளே கூட்டத்தை நடத்தி, என்னை நாற்காலியிலிருந்து இறக்கக் கையைத் தூக்கிவிட்டார்கள்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் சேர்ந்திருக்க வேண்டும். கல்யாண டிவிடி வந்தால், மூன்றாவது வரிசையில் சிரிக்கிறவன் வருகிற இடத்தை மாப்பிள்ளை பார்க்காமல் ஓட்டிவிடு. இந்தத் தாளின் தலையில் என் பெயருக்குக் கீழே அச்சடித்திருக்கிற பதவியையும் படிக்காதே. தாள் மிச்சம் இருக்கிறது, அதனால் எழுதினேன்.

இப்படிக்கு,
அப்பா
வெங்கட்ரமணன்