செம்புள்ளிக்கு ஒரே பொருள் விதித்த ஓலை

நீரும் நெல்லும் குறைவின்றி நிற்க. அகன்கரை நாடாளும் அதிரன் பெருங்கோவின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் கண்டன் அரிஞ்சி எழுதுவது. தென்கழனி நாட்டைக் காக்கும் அதிகாரி மாதேவன் பூதியார்க்கும், அவர்தம் ஏரிகளுக்கும், அவ்வேரிநீர் உண்டு வாழும் குடிகளுக்கும் நலம் உண்டாகுக.

இலவங்குடி ஏரி உடைந்து ஊர் மூழ்கிய துயரமும், அதன்பொருட்டுக் கணக்கன் சேந்தன் ஒற்றியின் வலக்கையைக் களைய நீவிர் தீர்ப்பளித்ததும் கேட்டு, பெருங்கோ அத்தீர்ப்பை நிறுத்தி, அவனையும் ஊராரையும் தலைநகர்க்கு வரவழைத்து விசாரித்தருளினார்.

தெளிந்தது இது. வடகழனி நாட்டார் கரை மெலிந்த ஏரியின் பெயருக்கு எதிரே செம்புள்ளி இடுவர். நீர் விடலாகாது என்பது அதன் பொருள். நும் நாட்டிலோ கரை உறுதி, நிறைய நீர் விடுக என்பதற்கே செம்புள்ளி இடுவது வழக்கம். இலவங்குடி உள்ளிட்ட எல்லை ஏரிகளை வடவர் பார்வையிட்டு எழுதிய ஏடு நும்மிடம் வந்தபோது, பெயர்கள் வந்தன, அளவுகள் வந்தன, புள்ளிகளும் வந்தன. புள்ளிகளின் பொருள் வரவில்லை. சேந்தன் பிழையின்றிப் படியெடுத்தான். மதகு காப்போர் தம் வழக்கப்படி படித்து, மெலிந்த கரைமேல் ஆற்றைத் திருப்பினர்.

சேந்தன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வூரின் பெயரைத் தன் கையால் எழுதியதை எண்ணி உறக்கமிழந்ததாகவும், கை போகுமுன் அக்கரைக்கு மண் சுமக்க விடவேண்டுமென்றும் மட்டுமே விண்ணப்பித்தான். கணவனையும் மகளையும் வெள்ளத்தில் இழந்த எழினி என்பாளை நோக்கி, இவனுக்கு என்ன தண்டம் வேண்டுமென்று பெருங்கோ வினவினார். அவள் மறுமொழியை அவள் சொன்னபடியே எழுதுகிறோம்: "இவரு கையை வெட்டினா, அடுத்த ஓலையில அந்தப் புள்ளிக்கு ஒரே பொருள் வந்திருமா சாமி?" அது கேட்டுப் பெருங்கோ இவ்வாறு ஆணையிட்டார்.

ஏட்டின் பத்திகளும் அவற்றின் அகலமும், புள்ளிகளின் நிறமும் ஒவ்வொன்றன் பொருளும் வெட்டிய செப்புப்பலகை இத்துடன் வருகிறது. இதனையொத்த பலகை எல்லா நாட்டுக்கும் செல்கிறது. இனி எந்த ஏட்டையும் நினைவினால் வரையாது, பலகையை வைத்தே கோடும் குறியும் இடுக. ஒரு நாட்டுக்குப் புதுக்குறி வேண்டின் எமக்கு எழுதுக. எல்லாப் பலகையிலும் அது ஏறியபின்னரே வழங்குக. பலகைப்படி அமையாத ஏட்டைக் கொண்டு மதகு திறத்தல் குற்றம்.

சேந்தன் கை தப்பியது. பழைய ஏடுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் பணி அவனுக்கே. இலவங்குடிக் கரையை அரச செலவில் கட்டுக. எழினியும் ஊராரும் அதன்மேல் நடந்து பார்த்து உறுதி என்று சொல்லாதவரை அங்கே நீர் விடற்க.

வடக்கே மேகம் கூடுவதாகச் செய்தி. மழை எம் முத்திரைக்குக் காத்திராது. ஆகலின் ஓலை கண்ட பொழுதே பணி தொடங்குக.

இப்படிக்கு, பெருங்கோவின் இரட்டை நாரை முத்திரை இட்டு, கண்டன் அரிஞ்சி எழுத்து.