மூன்றாவது முறையும் விழுந்த ஃபில்லிங்

10 ஜூன் 2024, திங்கள்

பள்ளி திறந்த முதல் நாள். பாடம் நடத்திக் களைத்து வீடு திரும்பினால் என் வீட்டுக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். கடைவாய்ப் பல்லில் அடைத்தது மறுபடி விழுந்துவிட்டதாம். ஒரு வருடத்துக்குள் மூன்றாவது முறை. கேளம்பாக்கத்தில் தெருவுக்கு இரண்டு பல் டாக்டர். ஒருத்தருக்குக்கூடவா ஒழுங்காக அடைக்கத் தெரியாது? நாளை நானும் கூடப் போகிறேன்.

11 ஜூன்

பல்லை அடைத்த டாக்டர் மார்கரெட்டிடம் சத்தம் போட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கோபப்படவில்லை. என் வீட்டுக்காரர் வாயை வெகுநேரம் பார்த்தாள்.

"சரியா ஒட்டலைன்னாலும் விழும் சார், இல்லன்னு சொல்லல. ஆனா மத்த பல்லுல அடைச்சதும் ஓரமெல்லாம் அரிச்சிருக்கு. கோலா, லெமன் சோடாவுல இருக்கிற ஆசிட் அரிக்கும். ஆல்கஹால் தினம் பட்டா அடைச்ச மெட்டீரியலே மெத்துன்னு ஆயிடும். குடிப்பீங்களா?"

நான் முந்திக்கொண்டேன். "அவர் விட்டு ரெண்டு வருஷமாச்சு. உங்க தப்ப மறைக்க எங்க மேல பழி போடாதீங்க."

அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

13 ஜூன்

டாக்டர் கேட்டபோது அவர் ஏன் வாயே திறக்கவில்லை?

14 ஜூன்

மஞ்சள்காமாலையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவர். அதன்பிறகு மாலையானால் லெமன் சோடாதான். வாய் நமநமக்கிறது என்பார். நானும் சிரிப்பேன்.

இன்று அவர் குளிக்கப் போனபோது அந்தப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தேன். தொண்டை வரை எரிந்தது. சோடா கொஞ்சம், மீதியெல்லாம் வோட்காவோ என்ன எழவோ.

வெளியே வந்தவர் பாட்டிலையும் என்னையும் பார்த்தார். "கொஞ்சந்தான் வசு. இதுக்குப்போய் இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கினுகீற?"

கொஞ்சமாம்.

சங்கரி கதவருகே நின்றிருந்தாள். காலேஜ் போகிற எங்கள் பெண். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நீ நிம்மதியா இருந்த. அதான் சொல்லல."

நிம்மதி! ஊரார் முன்னால் அந்த டாக்டரைத் திட்டினேனே — யாருக்காக? அப்பாவும் பொண்ணுமா சேந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டாங்க. அவர் குடிகாரர், பொய் சொல்வார். நீ ஏண்டி?

15 ஜூன்

மார்கரெட்டிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், நிறைய வீட்ல இப்டித்தான்" என்றாள். திட்டியிருக்கலாம்.

22 ஜூன்

மூவரும் மூன்று நேரத்தில் சாப்பிடுகிறோம். "இனிமே தொடமாட்டேன் வசு" என்கிறார். அதே குரல். அப்போது நம்பியவளும் நான்தான்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

நான் மட்டும் செங்கல்பட்டில் என் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்து வந்து ஒரு மாதமாகிறது. இன்று சங்கரி முதல்முறையாக வந்தாள். தோசை வார்த்துப் போட்டேன். பிட்டுக்கொண்டே, "அப்பா இப்பல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"உண்மைன்னா சொல்லு."

அவள் கை தட்டிலேயே நின்றது. "சட்னி இருக்காம்மா?" என்று கேட்டாள்.