இன்ஸ்பெக்டருக்குச் சுற்றாத ஆரத்தி

சௌமிய வருஷம், பங்குனி மாதம், புதன் இரவு.

போன மாதம் பள்ளிக்கூடக் கூரை பற்றி எரிந்தபோது, குடத்தோடு ஓடிய எங்களைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் தெருமுனையிலேயே மறித்தார். "பாளையங்கோட்டையிலேர்ந்து துரை உத்தரவு வரட்டும்" என்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பிள்ளைகள் கத்தின. மேலப்பாளையத்து நெசவுக்காரர் ஒருவர்தான் பின்சுவரை இடித்து எல்லாரையும் வெளியே இழுத்துப் போட்டார். அதற்குள் என் பேத்தி வள்ளிக்கு முதுகு வெந்துபோயிற்று.

இன்றைக்கு அந்தத் துரை விசாரிக்க வந்தார். அவர் கண்ணெதிரே, பிள்ளைகளைக் காப்பாற்றினவர் என்று இன்ஸ்பெக்டருக்கு ஆரத்தி எடுத்துவிட்டால் விசாரணை அதோடு முடிந்துபோகும் என்பது ஊர்ப் பெரியவர்களின் எண்ணம். மூத்த சுமங்கலி என்று தட்டை என் கையில் கொடுத்தார்கள்.

"சுத்துங்க ஆச்சி, துரை பாக்காருல்லா" என்றார் மணியக்காரர்.

"கண்டத்துக்குள்ள போய்த் திரும்புனவங்களுக்குல்லா வே ஆரத்தி? இவரு எந்தத் தீக்குள்ள போனாரு? குடைகூடக் கருகலையே!"

துரைக்கு அதை யாரும் இங்கிலீஷில் எடுத்துச் சொல்லவில்லை.

தட்டை வீட்டுக்கே தூக்கி வந்தேன். வள்ளி இன்னும் குப்புறத்தான் படுக்கிறாள். அவளுக்குத் திருஷ்டி கழியச் சுற்றி, ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் கொட்டினேன். சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டரின் குதிரை அதை மிதித்துக்கொண்டு போயிற்று. நான் தடுக்கவில்லை.